கிளாரம்மாள் மடத்துக்குப் போன முட்டைகள்

ஹெர்மினா என்று கண் மங்கிப்போன தையல்காரக் கிழவி ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தாள். அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு கோழி. அந்தக் கோழி முட்டையிடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. கிழவிக்கு மட்டும் அது தெரியாது. காலைப் பூசைக்குப் போகிற வழியில், எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சுல்மா வேலிக்கு மேலே கையை நீட்டி, கோழிப் பெட்டியின் வைக்கோலில் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போவாள். வெயில் காலத்தில் அநேகமாகத் தினமும் வைப்பாள். பனிக்காலத்தில் எப்போதாவதுதான். எந்தக் கோழியும் பனியில் தினமும் முட்டையிடாது. கிழவிக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது அல்லவா.

ஹெர்மினா பூசை முடிந்து வருகிறவர்களை வேலியோரம் நிறுத்திப் பெருமையடிப்பாள். "எனக்குப் பல்லு போச்சு, கண்ணு போச்சு. இவளப் பாரு, நேத்து வயசுக்கு வந்தவ மாதிரி இட்டுத் தள்ளுறா." சுல்மாவும் நின்று கேட்டு, "நல்ல சாதிக் கோழி" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

இதை ஒருநாள் பார்த்துவிட்டவள் அலீடா. சுல்மாவின் புருஷன் ஓடிலுக்குக் கூடப்பிறந்த தங்கை, எதிர்வீட்டுக்காரி. அன்றே கேட்டுவிட்டாள்.

"ஏன் அண்ணி, திருட்டுத்தனமா வெக்கணுமா? கையில குடுத்தா கிழவி வேணாம்னா சொல்லப்போறா?"

"கையில குடுத்தா அது என் முட்டை அலீடா. பெட்டியில கெடந்தா அவ முட்டை."

ஹெர்மினாவை அடக்கம் பண்ணும்வரை அலீடா அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் காதுக்குள் போய் வாய் வழியாக வெளியே வராமல் அத்தனை நாள் தங்கிய சேதி எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

சுல்மா கடலோரத்துப் பெண். அவள் அப்பா குதிரைமேல் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கி இறால் அரிக்கிறவர். ஓடிலைக் கட்டிக்கொண்டு, ஃபிளாண்டர்ஸ் சீமையின் உள்பக்கம் லெய் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். ஆளிச்செடியை ஊறவைத்து நார் எடுக்கும் ஆலையில் ஓடிலுக்கு வேலை. அந்த ஊறலின் நாற்றம் எத்தனை முறை துவைத்தாலும் அவன் சட்டையை விட்டுப் போகாது. வந்த புதிதில் அலீடா வம்புக்கு இழுத்தாள். "எங்க ஊரு வாசம் எப்படி இருக்கு அண்ணி?" "எங்க ஊருல மீன் அழுகினா இதைவிட மோசம்" என்றாள் சுல்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்றைக்கே நாத்தனாருக்கு அண்ணியைப் பிடித்துப்போய்விட்டது.

பிள்ளை விஷயத்தில் மட்டும் ஆண்டவர் அவளுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்து எடுத்துக்கொண்டார். மூன்று முறை தங்கியது; மூன்று முறையும் நிற்கவில்லை. கடைசியாகத் தங்கியது ஐந்தாம் மாதம்வரை இருந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் மந்திரித்த நிலத்தில் இடமில்லை. ஓடிலும் அலீடாவும் ஒரு சோப்புப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தார்கள். படுக்கையில் கிடந்த சுல்மா கேட்டது ஒன்றுதான்.

"எந்தப் பக்கம்?"

"வடக்கால அண்ணி. முள்வேலி ஓரமா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. சில வருஷம் கழித்து அலீடாவுக்கு லிவீனா பிறந்தபோது, முதல் சட்டையைத் தைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தவள் சுல்மாதான்.

ஓடிலுக்குப் பிள்ளைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சேவல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேவல்களைப் பெட்டியில் அடைத்துத் தெருவோரம் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து, சேவல் கூவக் கூவ நீளக் கழியில் சாக்கட்டியால் கோடு போடுவான். அதிகம் கூவிய சேவலின் வீட்டுக்கு ஒரு பன்றித்தொடை பரிசு. ஓடிலின் சேவலுக்குக் கொண்டை மேற்றிராணியார் தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்று அதற்கு 'பிஷப்' என்றே பேர் வைத்துவிட்டான். பங்குச் சாமியார் கேட்டுச் சிரித்தார். சுல்மாவுக்குத்தான் பொறுக்காது, சேவலை 'அவன்' என்பாளே ஒழியப் பேர் சொல்லமாட்டாள்.

"கொல்லை நெறையப் பெட்டைங்க இல்லன்னா நம்ம பிஷப்பு கூவமாட்டாரு," என்பான் ஓடில், ஆட்கள் கேட்கும்படி.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வாயக் கழுவுங்க," என்பாள் சுல்மா.

சுல்மாவின் முட்டை விவகாரம் ஒரு கோடைகாலத்தில் ஆரம்பித்தது. பழுப்புப் பெட்டை ஒன்று காஞ்சொறிப் புதருக்குள் ரகசியமாக முட்டையிட்டு வைத்திருந்ததை ஓடில் கண்டுபிடித்துத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வந்தான். சுல்மா சட்டியில் வெண்ணெயைப் போட்டு, காய்ந்ததும் முதல் முட்டையை உடைத்து ஊற்றினாள். மஞ்சள்மேல் சிலந்தி வலை மாதிரிச் சிவப்பு நரம்புகள். நடுவில் கடுகளவு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. சட்டியை அவள் அடுப்பிலிருந்து இழுப்பதற்குள் துடிப்பு நின்றுவிட்டது.

"பெட்டை அடை உக்காந்திருக்கும் போல," என்றான் ஓடில். "அத நாய்க்குப் போட்டுட்டு அடுத்தத உடை."

அடுத்ததை அவள் உடைக்கவில்லை.

சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டையில் மஞ்சள்மேல் வெள்ளையாக ஒரு சிறு வளையம் இருக்கும்; அடை வைத்தால் குஞ்சாகும் என்பதற்கு அடையாளம். ஊரில் எல்லாப் பெண்கள் கண்ணிலும் தினமும் படுகிற ஒன்று. யாரும் நின்று பார்ப்பதில்லை. சுல்மா பார்க்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து அவள் வாயில் முட்டை படவில்லை. ஓடிலுக்குச் சமைத்துக் கொடுப்பாள், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். கொடுத்த பிறகு அதற்காக மனசு அடித்துக்கொள்ளும். பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறாள். சாமியார் பண்ணைவீட்டில் பிறந்தவர். "அடைக்கு வெக்காத முட்டையில ஒண்ணும் கெடையாது சுல்மா. ஆண்டவர் தின்னத்தான் குடுத்திருக்காரு. போயி வயிறாரச் சாப்பிடு" என்றாராம். இவள் "சரி சாமி" என்று வந்தவள், சாப்பிடவில்லை. சாமியார் பேச்சுக்குக் கீழ்ப்படியவில்லை என்ற பாவமும் அதோடு சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் அவளே அலீடாவிடம் சொன்னாள். சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்.

அலீடா சும்மா இருப்பாளா. "அந்தச் சேவலுக்கும் பெட்டைங்களுக்கும் விவாகரத்து வாங்கிக் குடுத்துடுங்க அண்ணி, தீந்துச்சு பிரச்சனை." இன்னொரு நாள், "முட்டை இல்லாம நீங்க பண்ற கேக்க எங்க வீட்டுக் கொல்லைச் சுவருக்கு வெச்சுக் கட்டலாம்னு சிரீல் சொல்றாரு." சிரீல் அவள் புருஷன், அப்படி எதுவும் சொல்லியிருக்கமாட்டான், அவன் பேசுகிற ஆள் இல்லை. சுல்மா சிரித்துக்கொள்வாள். கேக்கையும் அதே மாதிரிதான் செய்துகொண்டிருந்தாள்.

லிவீனாவின் கல்யாணம் மே மாதம் என்று முடிவாயிற்று. வீடு சின்னது, பழத்தோட்டத்தில் மரங்களுக்கடியில் மேஜை போட்டு விருந்து வைப்பதாக ஏற்பாடு. ஆனால் அந்த வசந்தம் முழுக்க மழை. தோட்டத்தில் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மழை வரக்கூடாது என்றால், நகரத்திலிருக்கும் கிளாரம்மாள் மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்து, கன்னியரை வேண்டிக்கொள்ளச் சொல்வது வழக்கம். அலீடாவின் கல்யாணத்துக்கு அவள் அம்மா அந்த முட்டையைக் கொண்டுபோக மறந்துவிட்டாள். கோயில் படியிலேயே கொட்டித் தீர்த்தது. அதற்குப் பிறகு வீட்டில் எது ஒன்று தப்பாகப் போனாலும், பசு செத்தாலும் சிரீலுக்கு வேலை போனாலும், அலீடா அந்த மழையைத்தான் சொல்வாள். மகளுக்கு அது நேரக்கூடாது. பெரிய கூடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"கூடை ரொம்ப வேணும் அண்ணி. மடத்துக்கு."

சுல்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மடத்துக்கா? அவங்க வருஷம் பூராவும் மாம்சம் தொடமாட்டாங்களே அலீடா."

"முட்டை எப்போ மாம்சமாச்சு?"

"சேவல் இல்லாத முட்டைன்னா மாம்சம் இல்ல. நம்ம முட்டை என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கே தெரியாதத அந்தப் புண்ணியவதிங்க தட்டுல எப்படி வெக்கிறது? கால்வாய்ப் பக்கம் புதுக் கொட்டகைக்காரன் சேவலே இல்லாம கோழி வளக்குறான். அவன்கிட்ட வாங்கிக் குடுப்போம். நானும் கூட வரேன்."

"கொட்டகை முட்டையா? சேவல் மூஞ்சியே பாக்காத கோழி போட்டதுக்கு மழை நிக்குமா? மாமன் வீட்டுல கொல்லை நெறையக் கோழி, மருமவ கல்யாணத்துக்குக் கடை முட்டை. ஊரு காறித் துப்பும்."

"எனக்கு மனசு வரல அலீடா. கோச்சுக்காத."

"உங்களுக்கென்ன அண்ணி. கட்டிக் குடுக்க ஒரு பொண்ணு இருந்தாத்தானே இதெல்லாம் தெரியும்."

சொன்ன வாய் சொன்னபடியே திறந்து நின்றது. சுல்மா அடுத்த கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். தோல் கொஞ்சம் தடிமனாக விழுந்தது. அலீடா காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை சுல்மா பூசைக்கும் ஓடில் ஆலைக்கும் போன பிறகு, அலீடா அண்ணன் வீட்டுக் கொல்லைக்குள் புகுந்தாள். சொந்த வீட்டுக் கொல்லை மாதிரி அவள் வந்துபோகிற இடம்தான். அன்றைக்கு மட்டும் சுவரோரமாக நடந்தாள். முட்டையிடும் பெட்டிகளில் கிடந்தவை கூடையில் பாதிக்குக்கூட வரவில்லை. கோழிக்கூட்டின் இருட்டு மூலையில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று தட்டையாக உட்கார்ந்திருந்தது. கையை விட்டால் கொத்தியது. மறு கையால் அதன் தலையை ஒதுக்கிவிட்டு அடியில் துழாவினாள். சூடாக, வரிசையாக, முட்டைகள். வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னதாகச் சிலுவைக் குறி.

அடைக்கு வைக்கிற முட்டைக்குத்தான் எங்கள் பெண்கள் சிலுவை போடுவார்கள். புது முட்டை கலந்துவிட்டால் தெரியவேண்டுமே என்று. இத்தனை வருஷத்தில் சுல்மா ஒரு கோழியைக்கூட அடை வைத்ததில்லை. குஞ்சு வேண்டுமென்றால் ஓடில் சந்தையில் வாங்கிக்கொண்டு வருவான். அவள் முதல்முறையாக வைத்திருக்கிறாள் என்று அலீடாவுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஏன் வைத்தாள் என்பதும் புரியாமல் இல்லை. இருந்தாலும், நேற்றுத்தான் உட்கார்ந்திருக்கும், நேற்று உட்கார்ந்ததில் என்ன இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். வீட்டில் வினிகர் தொட்டுத் துணியால் குறிகளைத் துடைத்தாள். கூடையில் அடங்காத இரண்டை அலமாரியில் வைத்தாள்.

மடத்தில் கன்னியர் முகம் காட்டமாட்டார்கள். சுவரில் பதித்த மரப்பெட்டியில் கூடையை வைத்தால் பெட்டி சுழன்று உள்ளே போகும். காலிக் கூடை திரும்பி வந்தது, கூடவே ஒரு குரலும். "பொண்ணு பேரு என்ன?" "லிவீனா சிஸ்டர்." "வெயில் அடிக்கும். நாங்க வேண்டிக்கிறோம்." அலீடா பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் சிரீலுக்கு ரொட்டியோடு வைக்க அலமாரி முட்டையில் ஒன்றை உடைத்தாள். நேற்று உட்கார்ந்தது இல்லை. கண் கறுத்திருந்தது. இறக்கை வரவேண்டிய இடம் மொட்டு விட்டிருந்தது. அசையவில்லை. அவள் சட்டியோடு கொல்லைக்கு ஓடிக் குழியில் கொட்டிச் சாம்பலைத் தள்ளினாள்.

"முட்டை எங்க?" என்றான் சிரீல்.

"கெட்டுப்போச்சு."

"அண்ணி வீட்டு முட்டை கெடாதே."

"மனுஷன் கெடுறான், முட்டை கெடாதா? பேசாம ரொட்டியத் தின்னுங்க."

இன்னொன்றை மடிப்பையில் போட்டுக்கொண்டு அவள் தெருவைத் தாண்டினாள். ஒன்றாவது திரும்பப் பெட்டைக்கு அடியில் போகட்டும் என்று நினைப்பு. கோழிக்கூட்டில் சுல்மா குந்தியிருந்தாள். சாம்பல் பெட்டை வெறும் வைக்கோலின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. சுல்மா அதை விரட்டவில்லை.

"அடைக்கு வெச்சிருந்தேன் அலீடா. யார்கிட்டயும் சொல்லல. எல்லாம் போச்சு. அவரு மரநாய்ங்கிறாரு. மரநாய்ன்னா ஓடு கெடக்குமே, ஓடுகூட இல்ல."

அலீடாவின் கை மடிப்பைக்குள் இருந்தது.

"சாமிதான் எடுத்துக்கிட்டாரு," என்றாள் சுல்மா. "அவரு பேரச் சொல்லி நீ கேட்ட, நான் இல்லன்னேன். தின்னுன்னு சாமியாரு சொன்னதுக்கும் கீழ்ப்படியல. முட்டையப் பாத்துப் பாத்துப் பெருமை புடிச்சுப்போச்சு எனக்கு. அவரே வந்து எடுத்துக்கிட்டாரு." பிறகு கோழியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "அந்த மூணையும் இப்படித்தான் எடுத்தாரோ என்னவோ. எங்கயோ இல்லன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். முட்டை கையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினாலே போதும், வாயைக்கூடத் திறக்கவேண்டாம். கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், ஊர், ஓடிலின் கோபம் எல்லாம் ஒன்றாக அலீடாவின் கண்முன் வந்து நின்றன.

"மரநாயாத்தான் இருக்கும் அண்ணி," என்றாள்.

வீட்டுக்கு அவள் நேராகப் போகவில்லை. கல்லறைச் சுவருக்கு வெளியே, வடக்குப் பக்கம், முள்வேலி ஓரமாக ஈரமண்ணைக் கையால் தோண்டி அந்த முட்டையை வைத்து மூடினாள். என்ன செபம் சொல்வது என்று தெரியவில்லை. அருள்நிறைந்த மரியே பாதி சொன்னாள். ஆள் வரும் சத்தம் கேட்டு எழுந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று வெயில் அடித்தது. அந்த மாதம் முழுவதிலும் அடித்த ஒரே நல்ல வெயில். விருந்துக்கு வந்தவர்களெல்லாம் மடத்துக்குப் போன முட்டையைப்பற்றியே பேசினார்கள். "எங்க வாங்கின முட்டை அலீடா? எம்மகளுக்கும் அதே முட்டை வேணும்." அலீடா காப்பி ஊற்றினாள். கேக் வந்தது, முட்டை போட்டு மஞ்சளாகப் பூத்த கேக். சுல்மா தட்டில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டு, கடைசித் துணுக்குவரை சாப்பிட்டாள். ஓடில் மேஜையைத் தட்டினான். "பாத்தீங்களா, எம் பொண்டாட்டிக்குப் புத்தி வந்துடுச்சு."

அதற்குப் பிறகு சுல்மா தினமும் காலையில் ஒரு முட்டை சாப்பிட்டாள். தண்ணீரில் அவித்து, மேல் ஓட்டைத் தட்டி எடுத்து, ஒரு நிமிஷம் உள்ளே பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கரண்டி கரண்டியாக விழுங்குவாள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். எதிரே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அலீடாவுக்கு ஒருநாள் தாங்கவில்லை.

"புடிக்கலன்னா விட்டுடுங்களேன் அண்ணி."

"புடிச்சுத் தின்னா அது எப்படித் தவமாகும்?" என்றாள் சுல்மா.

மடத்துக்கு நன்றி சொல்லப் போவதும் வழக்கம். அலீடா போனாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் சந்தோஷமாக இருந்தது.

"நல்ல வெயிலு, இல்ல? உங்க முட்டையில சிலதுல லேசாச் சிலுவை தெரிஞ்சுது. யாரோ ரொம்ப பக்தியோட மந்திரிச்சுக் குடுத்திருக்காங்கன்னு அதத்தான் மொதல்ல எடுத்தோம்." குரல் தாழ்ந்தது. "அதுல எல்லாம் குஞ்சு இருந்துது. தோட்டத்துல பொதைச்சுட்டோம். முட்டை குடுத்தவங்ககிட்ட இதச் சொல்லாதீங்க, மனசு நொந்துடுவாங்க."

அந்தச் சனிக்கிழமையே அலீடா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னாள்.

"சுல்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சாமி."

"அவ செய்யாத பாவத்துக்கு தினம் தவம் பண்றா. பாத்துக்கிட்டுத்தான் இருக்க?"

"ஆமா சாமி."

"என்கிட்ட சொன்னா போதாது. போயி அவகிட்ட சொல்லு."

போகவேண்டும் என்றுதான் இருந்தாள். ஆளி பிடுங்குகிற காலம் வந்தது. பிடுங்கி முடியட்டும் என்றாள். பிஷப் பன்றித்தொடை ஜெயித்தது. அண்ணன் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்றாள். லிவீனாவுக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி என்று சேதி வந்தது. இந்த நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்றாள். ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமாகத்தான் இருந்தது. தெருவைத் தாண்டுவாள், காப்பி குடிப்பாள், சுல்மா முட்டை விழுங்குவதைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். முன்பு அவ்வளவு பேசுகிறவள் எதிர்வீட்டில் மட்டும் ஊமையாகிவிட்டாள். சுல்மாவே கேட்டாள், "என்ன அலீடா, என்னக் கிண்டல் பண்றதையே விட்டுட்ட? உடம்புக்கு ஆகலயா?" என்று.

உடம்புக்கு ஆகாமல் போனது சுல்மாவுக்குத்தான். இலை உதிர்கிற காலத்தில் கோழிக்குத் தீனி போடும்போது மயங்கி விழுந்தாள். இருதயம் பலவீனம், பழைய கோளாறு, என்றார்கள் நகரத்து ஆஸ்பத்திரியில். முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலீடா டாக்டரிடம் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவர் ஏன் கேட்கிறாள் என்று புரியாமல் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடில் போட்டிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். அலீடா போனதும், "கொஞ்சம் புகை புடிச்சுட்டு வரேன்" என்று வெளியே போனான். நர்ஸ் சிஸ்டர் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி, வெண்ணெய், சின்னக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை. சுல்மா இளைத்துப்போன கையால் கரண்டியை எடுத்து ஓட்டைத் தட்டினாள்.

"தின்னாதீங்க அண்ணி."

"ஏன்?"

"தின்னவேண்டாம். நீங்க ஒண்ணும் பண்ணல." அலீடா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சாமி எடுக்கல. மரநாயும் எடுக்கல. நான்தான் எடுத்தேன். சிலுவையப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். வினிகர் போட்டுத் தொடைச்சு மடத்துக்குக் கொண்டுபோனேன்."

சுல்மா கரண்டியைத் தட்டில் வைத்தாள். சத்தமே வரவில்லை. கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளினாள்; பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"எல்லாமே போயிடுச்சா?"

"ரெண்டு எங்கிட்ட இருந்துது. ஒண்ண உடைச்சேன்."

"உருவம் வந்துதா?"

"வந்துது அண்ணி."

"இன்னொண்ணு?"

"வடக்கால வெச்சேன். முள்வேலி ஓரமா."

சுல்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்து காதோரம் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. யாரிடமோ சொல்வதுபோல, "அப்ப அவரு எம்மேல கோவமா இல்ல" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது மாதிரி இருந்தது; அந்தத் தெளிவு அலீடாவுக்காக வந்ததல்ல. அலீடாவுக்கும் அது தெரிந்தது.

"என்ன ரெண்டு வார்த்தை திட்டிடுங்க அண்ணி," என்றாள் அலீடா. "திட்டினா நான் போயிடுவேன்."

சுல்மா திட்டவில்லை. வெளியே ஓடிலின் காலடி கேட்டது. அலீடா மேலங்கியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் சுல்மா தூக்கத்திலேயே போய்விடுவாள் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. கட்டிலிலிருந்து கூப்பிட்ட குரல் கேட்டு அலீடா திரும்பினாள்.

"அலீடா, உன்ன மன்னிச்சுட்டேன்னு சாமிகிட்ட இன்னிக்கே சொல்லிடுவேன். உங்கிட்ட சொல்றதுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அடுத்த ஞாயித்துக்கிழமை வா."